ஐந்தாம் அறையில் ஒரு புள்ளி

மூன்று மணிக்கு வலது வரிசை அறைகளுக்குள் பூச்சி கொல்ல விஷப்புகை விடப்போகிறார்கள். நாங்கள் அந்த விதைக் கிடங்கின் கேட்டைத் தாண்டியபோது மணி இரண்டே கால். மிச்சம் இருப்பது முக்கால் மணி நேரம், அதற்குள் தன் பெண்டாட்டியைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று பின்சீட்டிலிருந்தவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் டவுன் பஸ் டிரைவர். ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பாதி வழியில் இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, யூனிஃபார்மோடு எங்கள் ஆபீஸ் படியேறி வந்தவர். மனைவி இந்தக் கிடங்கில் சரக்கு எண்ணுகிறவள். தினமும் பதினொரு மணி இடைவேளையில் அவருக்குப் போன் செய்வாள். இன்று செய்யவில்லை. கிடங்கைக் கூப்பிட்டால், அவள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விட்டாள், மூணு மணிக்குப் புகை போடுவதால் எல்லோரையும் வெளியே அனுப்பப்போகிறோம், நீங்கள் வந்தும் பிரயோஜனமில்லை என்று மேனேஜர் போனை வைத்துவிட்டாராம். போலீஸில் சாயங்காலம் வரை பாருங்கள் என்றார்களாம். அதற்கப்புறம்தான் அத்தை.

அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. நில அளவை ஆபீஸில் முப்பது வருஷம் வரப்புச் சண்டைகளை அளந்து தீர்த்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்பார்கள். எங்கள் அத்தைக்கு மீசை முளைக்காமலேயே இன்ஸ்பெக்டர்கள் எழுந்து நின்று நாற்காலி போடுவார்கள். நான் அவளுடைய உதவியாளன். இன்ஷூரன்ஸ், மொபைல் கடை, டைல்ஸ் வியாபாரம் என்று மூன்றிலும் மண்ணைக் கவ்விவிட்டு முப்பத்தாறாவது வயதில் அத்தையிடம் வந்து சேர்ந்தேன். நான் துப்பறிகிறேன் என்று என் மனைவிகூட நம்புவதில்லை.

மேனேஜர் எங்களைக் கதவருகிலேயே நிறுத்திவைத்துப் பேசினார். கழுத்துப்பட்டை கச்சிதமாக இருந்தது, முகம்தான் கசங்கியிருந்தது. அந்தம்மா பின்கேட் வழியாகப் போயிருப்பாள், குடும்ப விவகாரமாக இருக்கலாம், வீட்டில் விசாரியுங்கள் என்றார். டிரைவரின் தாடை இறுகியதைப் பார்த்தேன். அத்தை அதைக் காதிலேயே வாங்காமல், வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் சாமானை எங்கே வைப்பார்கள் என்று கேட்டாள்.

கேட்டருகில் வரிசையாக இரும்பு அலமாரிகள். டிரைவர் மனைவியின் அலமாரியைத் திறந்தார்கள். கைப்பை, அணைத்துவைத்த போன், வெளியே போட்டுக்கொள்ளும் செருப்பு. உள்ளே போகும்போது கம்பெனி கொடுத்த ரப்பர் ஷூ போட வேண்டும் என்பது சட்டமாம்.

"செருப்பு, போன், பை மூணையும் விட்டுட்டு எவ்வளவு தூரம் போயிருப்பாங்க?" என்றாள் அத்தை.

மேனேஜர் தன் துருப்புச்சீட்டை எடுத்தார். எங்களிடம் யந்திரம் இருக்கிறது, அது மனுஷனைப் போலப் பொய் சொல்லாது, வந்து பாருங்கள் என்று முன்னால் நடந்தார்.

கிடங்கு என்றால் ஒரே நீளமான கூடம். கேட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் இடது கையில் ஏழு அறை, வலது கையில் ஏழு அறை, நடுவில் வண்டி போகிற அகலத்துக்குப் பாதை. தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு இடது பக்கமாகத்தான் எல்லோரும் போக வேண்டும், வர வேண்டும், தள்ளுவண்டியானாலும் சரி, வெறுங்கையானாலும் சரி. மாறிப்போன என்னை ஒரு சுமைதூக்கி தோளைப் பிடித்து இந்தப் பக்கம் நிறுத்தினார். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரிக் கதவுகள், தலைக்கு மேலே எண்கள். வலது வரிசை முழுக்க விதை மூட்டைகள். கதவிடுக்கெல்லாம் அகலமான டேப் ஒட்டி அடைத்திருந்தது. புகை வெளியே வரக்கூடாதே.

கூடத்தின் கோடியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. உள்ளே பெரிய திரை, அதன் முன்னால் ஒரு மனிதர். ஐம்பது வயதிருக்கும், அமைதியான முகம். நாள் முழுக்கத் திரையில் புள்ளிகளைப் பார்ப்பதால் எல்லோருக்கும் அவர் 'புள்ளி சார்'. டிரைவரைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். கவலைப்படாதீங்க, தேடித் தருவோம் என்று தோளைத் தட்டினார். இந்தக் கட்டடத்தில் மனுஷத்தன்மையோடு ஒரு ஆளாவது இருக்கிறாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர்தான் விளக்கினார். வேலை செய்கிற ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு ஸ்கேனர், மூட்டை லேபிளைப் படிக்கிற கைக்கருவி. அது சதா சர்வகாலமும் காதுக்குக் கேட்காத ரேடியோ குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். கட்டடத்தின் நாலு மூலையிலும் கூரையடியில் நாலு பெட்டிகள். பக்கத்துப் பெட்டிக்கு அந்தக் குரல் முன்னால் கேட்கும், தூரத்துப் பெட்டிக்கு ஒரு துளி பின்னால் கேட்கும். அந்தத் துளி வித்தியாசத்தை வைத்துக் கம்ப்யூட்டர் ஆள் நிற்கிற இடத்தைப் போட்டுவிடும்.

"ஒரு சாண் பிசகாது மேடம். நீங்க கதவுக்கு வெளியே நிக்கறீங்களா, உள்ளே நிக்கறீங்களான்னு சொல்லும்."

திரையில் அறைகளுக்குள் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது. இடது வரிசை, ஐந்தாம் அறை. பத்து நாற்பத்திரண்டிலிருந்து அங்கேயே நிற்கிறது என்றார் புள்ளி சார். அந்த அறையில் காலிச் சாக்குகள்தான். காலையில் ஐந்தாம் அறைக் கதவுக்குப் பக்கத்தில் தண்ணீர் யந்திரத்தில் தான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவள் அந்த அறைக்குள் போனதைக் கண்ணால் பார்த்தாராம். அவருடைய புள்ளியும் அதே நேரத்தில் அதே இடத்தில் நின்றதைத் திரையில் ஓட்டிக் காட்டினார். அச்சு அசலாக ஒத்துப்போனது.

"ஆள் எங்கே?" என்றாள் அத்தை.

ஆள் இல்லை, அதுதான் விஷயம் என்றார் மேனேஜர். மூன்று தடவை தேடிவிட்டார்களாம். ஸ்கேனரைச் சாக்குக்குள் எங்கோ செருகிவிட்டு நழுவிவிட்டாள் என்பது அவர் கட்சி.

டிரைவர் அதற்குள் ஓடியே போய்விட்டார். பின்னாலேயே நாங்களும் போய், இடது ஐந்தாம் அறையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். ஒவ்வொரு கட்டுச் சாக்கையும் பிரித்து உதறினோம். எனக்குத் தும்மல் வந்ததே தவிர ஸ்கேனர் வரவில்லை. ஒரு சாண் பிசகாத யந்திரம் காட்டிய இடத்தில் அத்தை உள்ளங்கையை வைத்தாள். வெறும் சிமெண்ட் தரை. டிரைவர் மனைவியைச் செல்லப் பெயர் சொல்லி நாலு சுவரையும் பார்த்துக் கூப்பிட்டார்.

இங்கே சுவரெல்லாம் தெர்மோகோல் வைத்துக் கட்டியது, குளிர் வெளியே போகாமல் இருக்க என்று மேனேஜர் சொன்னார். ரேடியோ நுழையும், குரல் நுழையாது.

மணி இரண்டு முப்பத்தைந்து. அத்தை வலது வரிசைக் கதவுகளைத் திறக்கச் சொன்னாள். முடியாது என்று மேனேஜர் ஒற்றைக் காலில் நின்றார். ஏழு கதவையும் ஒட்டி அடைக்க அரை நாள் ஆகிறது, நாளைக்கு விதை விவசாயிகளுக்குப் போக வேண்டும், திரையில் வலது பக்கம் ஈ காக்கை இல்லையே, பிறகு எதற்குத் திறக்க வேண்டும்? கேள்வி நியாயமானது என்பதுதான் கொடுமை.

புகை போடுகிறவரையும் கேட்டுப் பார்த்தோம். தடித்த கையுறை போட்ட, நிதானமான மனிதர். கூடத்தின் மறுகோடியில் சிலிண்டர் வைத்திருந்தார். ஒரு வால்வைத் திருகினால் ஏழு அறைக்கும் குழாய் வழியாகப் போய்விடும். பதினொரு மணிக்குக் கதவை ஒட்டும்போது தன் ஆட்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள் என்றார். கூரை வரை மூட்டை, ஓரத்தில் ஒரு ஆள் புகுந்து போகிற சந்து. சந்தின் கோடி வரை போய்ப் பார்த்தார்களா? இல்லை. திரை காலி என்று புள்ளி சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், அதுதான் விதி.

"உள்ளே ஆள் இருந்தா எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று அத்தை கேட்டாள்.

அவர் டிரைவரை ஒரு தரம் பார்த்துவிட்டு சிலிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரை அறைக்குத் திரும்பினால் அங்கே ஒரு சண்டை. சுமைதூக்கிகளின் மேஸ்திரி கண் சிவந்து நின்றுகொண்டிருந்தார். காலை பத்து நாற்பதுக்கு யார் யார் எங்கே இருந்தார்கள் என்று மேனேஜர் விசாரித்திருக்கிறார். இடது வரிசை இரண்டாம் அறையில் மூட்டை அடுக்கினேன் என்று மேஸ்திரி சொன்னார். திரையோ அவர் வலது இரண்டில் இருந்ததாகக் காட்டியது. வண்டி ஓட்டுகிறவனும் அப்படித்தான், இடது ஏழு என்றான், திரை வலது ஏழு என்றது. இரண்டு பேரும் கூட்டு, பொய் சொல்கிறார்கள், அவளைப் பின்கேட் வழியாக அனுப்பிவைத்ததே இவர்கள்தான் என்று மேனேஜர் கட்டிவிட்டார்.

"இருபது வருஷமா மூட்டை தூக்கறேன்மா. எந்தப் பக்கம் தூக்கினேன்னு எனக்குத் தெரியாதா?" என்று மேஸ்திரி அத்தையிடம் முறையிட்டார்.

மேஸ்திரி பாவம், வயசாகிவிட்டது, மறந்திருப்பார் என்று புள்ளி சார் பரிந்து பேசினார். அது மேஸ்திரிக்கு இன்னும் கோபத்தை மூட்டியது.

நான் அத்தையின் காதருகே போய், யந்திரம் உண்மை சொல்கிறது, மனுஷன் பொய் சொல்கிறான், நான் டைல்ஸ் வியாபாரத்தில் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இதுதான் என்றேன். அத்தை சிரிக்கவில்லை. காலையிலிருந்து நடந்ததை எல்லாம் வேகமாக ஓட்டிக் காட்டும்படி புள்ளி சாரிடம் சொன்னாள்.

புள்ளிகள் எறும்பு போல ஊர்ந்தன. போகிறது, வருகிறது, அறைக்குள் நுழைகிறது, வெளியே வருகிறது. நாங்கள் திரையை முறைத்தோம். மணி இரண்டு நாற்பத்தெட்டு. வெளியே எல்லோரையும் போகச் சொல்லி மணியடித்தார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். புள்ளி சார் மேசையிலிருந்த பாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, புகைக்காரரின் ஆளிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு ஓடினான்.

அதுவரை நாற்காலியில் கல்லாக உட்கார்ந்திருந்த டிரைவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இதுங்க எல்லாம் ராங் சைடுல போகுதே."

யாருக்கும் புரியவில்லை. அவர் எழுந்து திரையில் விரலை வைத்தார். பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டுகிறவர், சாலையில் எதிரே வருகிற வண்டி ஒரு முழம் நகர்ந்தாலும் கால் பிரேக்கைத் தேடும். கூடத்தில் மஞ்சள் கோட்டுக்கு இடது பக்கமாகத்தானே எல்லோரும் போகிறார்கள்? திரையில் அத்தனை புள்ளியும் வலது பக்கமாகப் போகிறது. ஒன்று இரண்டு இல்லை, அத்தனையும்.

அத்தை அசையாமல் நின்றாள். அவள் அப்படி நின்றால் உள்ளே நில அளவைச் சங்கிலி ஓடுகிறது என்று அர்த்தம்.

"நேத்து எப்படிப் போச்சு? நேத்து ஓட்டினதைப் போடுங்க."

நேற்றையதை எடுக்கக் கொஞ்சம் நேரம் ஆகும் என்றார் புள்ளி சார். காத்திருக்க அத்தைக்குப் பொறுமை இல்லை. ஒரு ஸ்கேனர் கொடுங்கள் என்றாள். எல்லாம் சார்ஜில் பூட்டிக் கிடக்கிறது, சாவி மேலே இருக்கிறது என்றார் அவர். அவள் மேஸ்திரியின் இடுப்பைப் பார்த்தாள். கோபத்தில் அவர் தன்னுடையதைக் கழற்றிவைக்க மறந்திருந்தார்.

"காலைல நீங்க நின்னதா சொன்ன இடத்துல போய் நில்லுங்க. மருமகனே, நீயும் போ. ரெண்டு கண்ணாலயும் பார்த்துட்டு அங்கிருந்தே கத்து."

ஓடினோம். மேஸ்திரி இடது இரண்டாம் அறைக்குள் போய்க் கைகளை இடுப்பில் வைத்து நின்றார். மூட்டைகள் எங்களைச் சுற்றி இருந்தன, தலைக்கு மேலே எண் இருந்தது, என் இடது எது வலது எது என்று எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். இருந்தாலும் சாப்பிடுகிற கையை ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

"இடது ரெண்டு அத்தை. சத்தியமா இடது."

திரை அறையிலிருந்து பதில் கத்தல் வரவில்லை. அத்தையே வந்தாள். அறுபத்திரண்டு வயசு, மூட்டுவலி, படியேறினால் மூச்சு வாங்கும் அத்தை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். "இவர் புள்ளி வலது ரெண்டுல நிக்குதுடா" என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இடது எல்லாம் வலது, வலது எல்லாம் இடது. அப்படியானால் இடது ஐந்தில் நிற்கிற சிவப்புப் புள்ளி உண்மையில் நிற்பது வலது ஐந்து.

டிரைவர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார், வால்வை நோக்கி. புகைக்காரர் முகமூடி மாட்டியிருந்தார். நாங்கள் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து வால்வில் கை வைத்தார். டிரைவர் போன வேகத்தில் அவர் மேல் விழுந்து, இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். முகமூடி கழன்று ஓடியது. என்னய்யா பைத்தியமா உனக்கு என்று அவர் எழுந்திருக்கும்போது டிரைவர் வால்வைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"உள்ளே இருக்கா சார். என் பெண்டாட்டி உள்ளே இருக்கா."

புகைக்காரர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். அப்புறம் வேறு எதுவும் கேட்காமல் சிலிண்டரிலிருந்து குழாயையே பிடுங்கிப் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்த கத்தியோடு வலது ஐந்துக்கு ஓடினார். மேனேஜர் யாரைக் கேட்டு என்று ஆரம்பித்தார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் மிச்ச வார்த்தையை முழுங்கிவிட்டார்.

டேப்பைக் கிழித்துக் கதவைத் திறந்தோம். குளிர் முகத்தில் அடித்தது. கூரை வரை மூட்டை, ஓரத்தில் இருட்டுச் சந்து. டிரைவர் பக்கவாட்டாக உடம்பைச் செருகி நுழைந்தார். மேஸ்திரி பின்னாலேயே. நான் மூன்றாவது. என் தொப்பை பாதியில் மாட்டிக்கொண்டதால் நான் கண்டது ஒன்றே ஒன்றுதான்: சந்தின் கோடியில், சரிந்து கிடந்த மூன்று மூட்டைகளுக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு ரப்பர் ஷூ.

டிரைவர் செல்லப் பெயரைச் சொன்னார். பதில் இல்லை. இன்னொரு தடவை சொன்னார். ஷூ கொஞ்சம் அசைந்தது. நான் அந்தச் சந்திலேயே, மாட்டிக்கொண்ட நிலையிலேயே அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மேஸ்திரி இருபது வருஷப் பழக்கத்தில் மூன்று மூட்டையையும் பஞ்சு மாதிரித் தூக்கி அப்பால் போட்டார். அவளுக்கு நெற்றியில் அடி, இடது கால் வீங்கியிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. உயிர் இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். சுமைதூக்கிகள் தங்கள் சட்டைகளைக் கழற்றி அவள் மேல் போர்த்தினார்கள்.

அத்தை கூடத்திலேயே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தாள். அவன் அழும் நிலையில் இருந்தான். முந்தாநாள் பெயிண்ட் அடிக்க நாலு பெட்டியையும் இறக்கினார்களாம். நேற்று வேலை முடிகிற நேரத்தில் அவன்தான் திரும்ப மாட்டினான். பெட்டி மேலேயே 'முன் இடது', 'முன் வலது', 'பின் இடது', 'பின் வலது' என்று எழுதியிருக்கிறது. எழுதியபடிதான் மாட்டினேன் என்று சத்தியம் செய்தான்.

"எங்கே நின்னு மாட்டினே?"

பின்சுவரில் ஆரம்பித்தானாம். பின்சுவரில் முதுகு, கேட்டைப் பார்த்த முகம். அவனுக்கு இடது எதுவோ அது இடது. பெட்டியில் எழுதியவனோ கேட்டில் நுழைந்து உள்ளே பார்த்து எழுதியிருக்கிறான்.

"இதுக்குத்தான் பத்திரத்துல எவனும் இடது வலதுன்னு எழுதறதில்லை. கிழக்கு மேற்குன்னு எழுதுவாங்க" என்றாள் அத்தை. அவன் தோளில் ஒரு முறை கை வைத்தாள். ஒரே ஒரு பெட்டி மாறியிருந்தால் கணக்கு இடித்துக் கம்ப்யூட்டர் கத்தியிருக்கும். நாலும் ஒழுங்காக மாறிப்போனதால் அதற்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பிழையைக்கூடப் பயல் சுத்தமாகச் செய்திருந்தான்.

அப்போது அவளை எப்படி உள்ளே வைத்து அடைத்தார்கள், மூட்டை தானாகச் சரிந்ததா என்று நான் கேட்டேன். என் கண் மேனேஜர் மேல்தான் இருந்தது. அத்தை மேனேஜரைப் பார்க்கவே இல்லை. திரை அறை வாசலில் நின்றுகொண்டிருந்த புள்ளி சாரிடம் போனாள்.

"மேஸ்திரி சொன்னது திரையோட ஒத்துப்போகல. வண்டிக்காரன் சொன்னதும் ஒத்துப்போகல. ஏன்னா ரெண்டு பேரும் நிஜம் சொன்னாங்க, திரைதான் தப்பு. இன்னிக்கு இந்தக் கட்டடத்துல அந்தத் தப்பான திரையோட அப்படியே ஒத்துப்போனது உங்க வார்த்தை ஒண்ணுதான் சார்."

புள்ளி சார் தண்ணீர் யந்திரத்தருகே நின்றதை என்னமோ சொல்ல வந்தார்.

"நீங்க நிஜமாவே இடது பக்கம் தண்ணி பிடிச்சிருந்தா, உங்க புள்ளி வலது பக்கம் நின்னிருக்கணும். இடது பக்கம் நிக்குது. அப்ப நீங்க நின்னது வலது அஞ்சு வாசல்ல."

மேஸ்திரி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். தேடப் போகும்போது ஸ்கேனரையெல்லாம் சார்ஜில் வைத்துவிட்டுப் போகச் சொன்னது யார் என்று அத்தை கேட்டாள். மேஸ்திரி புள்ளி சாரை நோக்கி விரலை நீட்டினார். தேடப் போனவர்களின் புள்ளிகள் எதிர்ப்பக்கம் போவதை வேறு யாராவது பார்த்துவிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று இவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். வலது ஐந்தாம் அறையில் போன வருஷத்து முளைக்காத விதைகள், மேலே புது லேபிள். அதை ஒட்டியது இவர். சரக்கு எண்ணுகிறவள் ஒரு லேபிளைச் சுரண்டிப் பார்த்துவிட்டாள், மேனேஜரிடம் சொல்கிறேன் என்றாள். பேச்சு முற்றித் தள்ளிவிட்டார், மூட்டை சரிந்தது, அவள் கத்தினாள், இவர் கதவைச் சாத்திவிட்டார். இவ்வளவும் அவர் வாயிலிருந்தே வந்தது.

"கொல்லணும்னு நினைக்கலைங்க. யோசிக்கக் கொஞ்சம் டைம் வேணும்னு சாத்தினேன். வந்து உட்கார்ந்தா புள்ளி எதிர்ப்பக்கம் நிக்குது. அதுக்கப்புறம் நான் ஒண்ணுமே செய்யலை. சும்மா இருந்தேன், அவ்வளவுதான்."

என் பன்னிரண்டு வருஷத் தோல்விகளில் எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன். சும்மா இருந்தேன் என்று இப்படிச் சொன்ன ஒரு ஆளைப் பார்த்ததில்லை. எனக்குக் கை ஓங்கிவிட்டது. அத்தைதான் பிடித்து இறக்கினாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் டிரைவர் மனைவியின் கையைப் பிடித்தபடி நடந்தார். புள்ளி சாரைக் கடக்கும்போது அவள் கண்ணைத் திறந்தாள். நிறுத்தச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினாள். குரல் எழும்பவில்லை, எல்லோரும் குனிந்தோம்.

"ரெண்டே நிமிஷம்னு சொல்லிட்டுத்தானே சார் சாத்தினீங்க? நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். நடுவுல எங்கேயோ விட்டுப்போச்சு." மூச்சு வாங்கினாள். "இப்ப மணி என்ன?"

புள்ளி சார் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பதில் சொன்னது புகைக்காரர். கையுறையைக் கழற்றியிருந்தார். கடிகாரத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மூணு மணிக்கு மேல கால் மணி ஆச்சும்மா" என்றார். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.